பிரீபிஎஸ்டி சர்வர்: பிங் நன்றாகப் போகிறது, ஃபைல் மட்டும் நகர மாட்டேன் என்கிறது

மவுசாகலை_மழை | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து வாசிகசாலை நடத்துகிறோம். அங்கே ஒரு பழைய அலுவலகக் கணினியில் பிரீபிஎஸ்டி 13 என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடுகிறது, அதுதான் எங்கள் சர்வர். சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கான கடந்தகால வினாத்தாள்கள், பாட வீடியோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் படிப்பது பக்கத்துக் கட்டடத்தில், பழைய பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்). அங்கே எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றும் ஆறு கணினிகளும் உண்டு. சர்வரிலிருந்து அந்தச் சுவிட்சுக்கு ஒரே கேபிள், வெளிச்சுவர் ஓரமாக ஏறத்தாழ 40 மீட்டர்.

பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் ஒரு மில்லிசெக்கனுக்குள் பதில் வருகிறது, ஒன்றுகூடத் தொலைவதில்லை. எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினியிலிருந்தே உள்ளே போய் வேலை செய்யலாம். ஆனால் 300 எம்பி வீடியோ ஒன்றைக் கொப்பி பண்ணினால் செக்கனுக்கு 200, 300 கேபிதான் வருகிறது. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எடுத்தால் இரண்டு பேருக்கும் நின்றுவிடுகிறது. டிஸ்க் பிரச்சினை இல்லை, சர்வருக்குள்ளேயே கொப்பி பண்ணிப் பார்த்தேன், வேகமாகத்தான் இருக்கிறது.

இதை முன்பு பார்த்துக்கொண்ட அண்ணா வேலைக்கு வெளிநாடு போய்விட்டார். எனக்கு யூனிக்ஸ் கொஞ்சம்தான் தெரியும். நெட்வேர்க் கார்ட் டிரைவரில் ஏதாவது மாற்ற வேண்டுமா? போனில் தமிழ் கீபோர்ட் மட்டும்தான், அதனால் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் போடுகிறேன். மன்னிக்கவும்.

பெங்குவின்_ஹட்டன் | திங்கள், இரவு 9.48

தம்பி, முதலில் டிஎஸ்ஓவை நிறுத்திப் பாருங்கள். பெரிய டேட்டாவைச் சிறு பொட்டலங்களாக வெட்டும் வேலையைச் சிபியுவுக்குப் பதிலாகக் கார்டே செய்வதுதான் டிஎஸ்ஓ. சில இடங்களில் அது சரிவராது. ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து இப்படி அடியுங்கள். இஎம்0 என்பது கார்டின் பெயர், மற்ற மூன்றும் டிஎஸ்ஓ போலவே கார்ட் செய்து தரும் வேலைகள்:

ஐஎஃப்கான்ஃபிக் இஎம்0 -டிஎஸ்ஓ -எல்ஆர்ஓ -டிஎக்ஸ்சிசம் -ஆர்எக்ஸ்சிசம்

உடனே அமலுக்கு வரும், ரீபூட் தேவையில்லை. உதவவில்லை என்றால் மைனஸ் குறி இல்லாமல் அதையே அடித்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

தலவாக்கலை_டீச்சர் | திங்கள், இரவு 10.05

எப்போதிருந்து இப்படி? தொடக்கத்திலிருந்தே மெதுவா, இல்லை இடையில் வந்த வினையா?

மவுசாகலை_மழை | செவ்வாய், மாலை 6.30

டீச்சர், போன வருடம் நன்றாக ஓடியது. ஏப்ரல் விடுமுறைக்குப் பிறகுதான் இப்படி என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அந்த மாதம் ஒரு நாள் பின்னேரம் இடி விழுந்து பழைய சுவிட்ச் எரிந்துபோனது. காசு சேர்த்து ஒரு சாதாரண சுவிட்ச் வாங்கினோம். அது புதிது, ஒரு குறையும் இல்லை.

ஹட்டன் அண்ணா சொன்னதைச் செய்தேன். மாற்றமே இல்லை. அப்புறம் இணையத்தில் ஒரு குறிப்பு கிடைத்தது. அதன்படி லோடர்.கான்ஃப் ஃபைலில் எச்டபிள்யூ.இஎம்.ஆர்எக்ஸ்டி=4096 என்று எழுதி ரீபூட் செய்தேன். அதற்கும் மாற்றமில்லை. டவுனில் கம்ப்யூட்டர் கடைக்காரர் கார்ட் பழுது, புதிது போடுங்கள் என்கிறார். வாங்கலாமா?

ஊவாக்காற்று | செவ்வாய், இரவு 8.15

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடமாகப் பிரீபிஎஸ்டியோடு இருப்பவன். தயவுசெய்து கார்ட் வாங்காதீர்கள், இன்னும் ஒரு வரியும் எங்கிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள். இரண்டு நாள் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் அந்த லோடர்.கான்ஃப் வரியை எடுத்துவிடுங்கள். பிரீபிஎஸ்டியில் நெட்வேர்க் கார்டின் அமைப்புகள் மூன்று ஃபைல்களில் இருக்கும். எது எங்கே என்று தெரியாவிட்டால் வருடக்கணக்கில் குழம்பலாம். லோடர்.கான்ஃப், கர்னல் எழும்புவதற்கு முன்பே வாசிக்கப்படுவது. கார்டைப் பிடிக்கும்போதே டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை அதில் வரும், உதாரணமாக வரும் பொட்டலங்களுக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்பது. அதை மாற்றினால் ரீபூட் கட்டாயம். சிஸ்சிடிஎல்.கான்ஃப், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றக்கூடிய எண்களுக்கு. ஆர்சி.கான்ஃப்தான் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை கேட்பவற்றுக்கு: முகவரி, வேகம், டூப்ளெக்ஸ், டிஎஸ்ஓ வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அங்கே.

நீங்கள் எழுதிய எச்டபிள்யூ.இஎம்.ஆர்எக்ஸ்டி பழைய காலத்துப் பெயர். பிரீபிஎஸ்டி 12இல் இஎம் டிரைவர் ஐஃப்லிப் என்ற பொதுக் கட்டமைப்புக்குள் போய்விட்டது. இப்போது அதே வேலைக்கு டெவ்.இஎம்.0.ஐஃப்லிப்.ஓவர்ரைட்_என்ஆர்எக்ஸ்டிஎஸ் என்று எழுத வேண்டும். பழைய பெயரை எழுதினால் யாரும் பிழை சொல்ல மாட்டார்கள். லோடர் அதைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்க ஆள் இருக்காது. இப்படிப் பத்து வருடம் சும்மா கிடக்கும் வரிகளை எத்தனையோ சர்வர்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். புதிதாக வருபவர் அவற்றைப் பார்த்து ஏதோ காரணத்தோடு எழுதியது என்று நினைத்துத் தொடப் பயப்படுவார்.

சரி. இந்த நான்கையும் அடித்து, வருவதை அப்படியே போடுங்கள்.

ஐஎஃப்கான்ஃபிக் இஎம்0
நெட்ஸ்டாட் -ஐ
சிஸ்சிடிஎல் டெவ்.இஎம்.0.மேக்_ஸ்டாட்ஸ்
கிரெப் இஎம்0 /வார்/லாக்/மெசேஜஸ்

மவுசாகலை_மழை | செவ்வாய், இரவு 9.40

முழுவதையும் தட்ட முடியவில்லை, முக்கியம் என்று பட்டதை எழுதுகிறேன்.

ஐஎஃப்கான்ஃபிக்கில்:
மீடியா: ஈத்தர்நெட் 100பேஸ்டிஎக்ஸ் <ஃபுல்-டூப்ளெக்ஸ்>
ஸ்டேட்டஸ்: ஆக்டிவ்

நெட்ஸ்டாட்டில் உள்ளே வந்த பொட்டலங்கள் 21 இலட்சம் சொச்சம், அதில் பிழை 61,000க்கு மேல். வெளியே போனவற்றில் பிழை இல்லை. கொலிஷன் (மோதல்) பூச்சியம்.

மேக்_ஸ்டாட்ஸில் சிஆர்சி_எர்ஸ் என்ற எண் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பிள்ளையை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சில நூறு கூடுகிறது. கொப்பியை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது.

மெசேஜஸில் ரீபூட் செய்தபோது வந்தவை மட்டும்தான்.

ஊவாக்காற்று | செவ்வாய், இரவு 9.52

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்த மீடியா வரியை இன்னொரு முறை பாருங்கள். சாதாரணமாக அது இப்படி இருக்க வேண்டும்:

மீடியா: ஈத்தர்நெட் ஆட்டோசெலக்ட் (1000பேஸ்டி <ஃபுல்-டூப்ளெக்ஸ்>)

உங்களுடையதில் ஆட்டோசெலக்ட் என்ற சொல்லே இல்லை. யாரோ கையால் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆர்சி.கான்ஃபைத் திறந்து இஎம்0 வரியைச் சொல்லுங்கள்.

மவுசாகலை_மழை | செவ்வாய், இரவு 10.01

ஆமாம், இருக்கிறது:

ஐஎஃப்கான்ஃபிக்_இஎம்0="இனெட் 192.168.10.1 நெட்மாஸ்க் 255.255.255.0 மீடியா 100பேஸ்டிஎக்ஸ் மீடியாஆப்ட் ஃபுல்-டூப்ளெக்ஸ்"

ஆனால் ஒன்று விளங்கவில்லை. 100 என்றாலும் செக்கனுக்குப் பத்து எம்பிக்கு மேல் வர வேண்டுமே. ஃபுல் டூப்ளெக்ஸ் என்பது ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடிவதுதானே? அது நல்லதுதானே? நல்லதைப் போட்டு வைத்தால் ஏன் கெட்டுப்போக வேண்டும்?

பழைய_சோலாரிஸ் | புதன், காலை 6.20

நல்ல கேள்வி தம்பி. நான் ஓய்வு பெற்றவன், கொழும்பில் சோலாரிஸ் என்ற இன்னொரு யூனிக்ஸ் ஓடும் சர்வர்களோடு இருபது வருடம் கழித்துவிட்டு இப்போது நானுஓயாவில் இருக்கிறேன். இதே நோயை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கேபிளின் இரு முனையும் இணையும்போது ஒன்றுக்கொன்று தன்னால் என்னென்ன முடியும் என்று சொல்லிக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவானதில் சிறந்ததைத் தேர்ந்துகொள்ளும். இதுதான் ஆட்டோ நெகோசியேஷன். 1995இல் 100 மெகாபிட் ஈத்தர்நெட்டோடு 802.3யு என்ற நியமத்தில் வந்தது. உங்கள் சர்வர் பக்கம் கையால் பூட்டியதும் அது பேச்சை நிறுத்திவிட்டது. மறுமுனையில் சுவிட்ச் காத்திருந்து பார்க்கிறது, பதில் இல்லை. கம்பியில் வரும் சைகையின் தன்மையை வைத்து இது 100 என்று அதனால் கண்டுபிடிக்க முடியும். ஃபுல்லா ஹாஃபா (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்புவது) என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. தெரியாவிட்டால் ஹாஃப் என்று எடுத்துக்கொள் என்பது நியமம். ஆக உங்கள் சர்வர் ஃபுல், சுவிட்ச் ஹாஃப்.

தோட்டத்து ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய வளைவு. கீழிருந்து வரும் லொறிக்காரர் ஹார்ன் அடித்து, எதிரே யாரும் இல்லை என்று பார்த்துத்தான் ஏறுவார். அவர் ஹாஃப். மேலிருந்து வருபவர் இது இரண்டு வழிப் பாதை என்று நம்பி ஹார்னும் அடிக்காமல், நிற்கவும் செய்யாமல் வருகிறார். அவர் ஃபுல். காலையில் ஒரு லொறி, மத்தியானம் ஒரு லொறி என்றால் ஒன்றும் நடக்காது. அதுதான் உங்கள் பிங்: ஒன்று போகும், ஒன்று வரும், சந்திப்பதே இல்லை. பெரிய ஃபைல் என்றால் சர்வர் நிறுத்தாமல் அனுப்பும். அதே நேரத்தில் பிள்ளையின் கணினி "கிடைத்தது, கிடைத்தது" என்று பதில் அனுப்பியாக வேண்டும். சுவிட்ச் அந்தப் பதிலை அனுப்பத் தொடங்கும்போது எதிரே சர்வரின் பொட்டலம் வருகிறது. மோதல் என்று நினைத்துச் சுவிட்ச் பாதியில் நிறுத்திவிடுகிறது. அந்த அரைகுறைப் பொட்டலம்தான் உங்கள் சர்வரில் சிஆர்சி பிழையாக, அதாவது சிதைந்து வந்த பொட்டலமாக, எண்ணப்படுகிறது. சர்வர் தன்னை ஃபுல் என்று நம்புவதால் கொலிஷன் என்ற ஒன்றையே எண்ணாது, அதனால்தான் அங்கே பூச்சியம். மோதல்களின் கணக்கு முழுக்கச் சுவிட்ச் பக்கம் இருக்கும், ஆனால் சாதாரண சுவிட்சில் அதைப் பார்க்க வழியில்லை.

இந்தப் பூட்டும் பழக்கம் எங்கள் தலைமுறையுடையது. முதலில் வந்த நியமத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக விளங்கிக்கொண்டார்கள். 1998இல்தான் அது தெளிவாகத் திருத்தப்பட்டது. அதுவரை சர்வரிலும் சுவிட்சிலும், இரண்டு பக்கமும் கையால் 100 ஃபுல் என்று வைப்போம். சோலாரிஸில் என்டிடி கட்டளை கொண்டு /டெவ்/எச்எம்இயில் ஏடிவி_ஆட்டோநெக்_கேப்பை 0 ஆக்குவோம். ரீபூட்டில் போய்விடக் கூடாது என்று /எட்ஸி/சிஸ்டம் ஃபைலிலும் எழுதி வைப்போம். இரண்டு பக்கமும் வைத்தால் நன்றாக ஓடும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் இந்தக் கதைதான்.

பெங்குவின்_ஹட்டன் | புதன், காலை 7.05

ஐயா சொன்னதை நேரிலேயே பார்க்கலாம். தம்பி, லினக்ஸ் லேப்டாப் இருந்தால் பிள்ளை மடுவத்தில் சுவிட்சிலிருந்து அந்தக் கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகுங்கள். ஈத்டூல் என்று அடித்து இடைவெளி விட்டு இண்டர்ஃபேஸ் பெயரைக் கொடுங்கள். ஸ்பீட், டூப்ளெக்ஸ் இரண்டு வரிகளையும் பாருங்கள். சுவிட்ச் காட்டாததை லேப்டாப் காட்டும்.

மவுசாகலை_மழை | புதன், இரவு 8.30

செய்தேன்! லேப்டாப்பில் வந்தது: ஸ்பீட் 100, டூப்ளெக்ஸ் ஹாஃப். சர்வர் திரையில் அதே கேபிளுக்கு ஃபுல் என்று இருக்கிறது. ஒரே வயரின் இரண்டு நுனியும் இரண்டு கதை சொல்வதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன்.

உடனே சர்வரின் முன்னால் போய் உட்கார்ந்து ஐஎஃப்கான்ஃபிக் இஎம்0 மீடியா ஆட்டோசெலக்ட் என்று அடித்தேன். மூன்று நான்கு செக்கன் இணைப்பு போய் வந்தது. லேப்டாப்பில் 1000, ஃபுல். கேபிளைத் திரும்பச் சுவிட்சில் செருகி, வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓடவிட்டேன். இரண்டு திசையிலும் 940 மெகாபிட் வருகிறது! 300 எம்பி வீடியோ நாலு செக்கனில் வந்துவிட்டது. பிள்ளைகள் நம்பவில்லை, திரும்பக் கொப்பி பண்ணிப் பார்த்தார்கள்.

எல்லோருக்கும் கோடி நன்றி. ஆர்சி.கான்ஃபிலும் மீடியாவில் தொடங்கும் பகுதியை அழித்துவிட்டேன்.

ஊவாக்காற்று | புதன், இரவு 8.44

மிகவும் சந்தோஷம். சர்வரின் முன்னால் உட்கார்ந்து அடித்தது நல்ல வேலை. தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக மீடியாவை மாற்றி, இணைப்பு திரும்பாமல் போய், பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்கு இரவோடு இரவாகப் பஸ் ஏறியிருக்கிறேன். இன்னொன்று: இனிமேல் சர்விஸ் நெட்இஃப் ரீஸ்டார்ட் கொடுத்தால் உடனே சர்விஸ் ரூட்டிங் ரீஸ்டார்ட்டும் கொடுங்கள். முதலாவது இண்டர்ஃபேஸை இறக்கி ஏற்றும்போது டிஃபோல்ட் ரூட் (வெளியே போகும் வழி) போய்விடும்.

கார்ட் வாங்க வேண்டாம் என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் தெரியுமா? பிரீபிஎஸ்டியில் இண்டர்ஃபேஸின் பெயரே டிரைவரின் பெயர்தான். வேறு சிப் உள்ள கார்ட் போட்டிருந்தால் அது ஆர்இ0 என்றோ ஐஜிபி0 என்றோ வந்திருக்கும். இஎம்0 வரி ஆளில்லாமல் கிடந்திருக்கும். புதிய கார்டுக்கு முகவரியை மட்டும் எழுதியிருப்பீர்கள், ஆட்டோசெலக்ட் தானாக வந்திருக்கும், வேகமும் வந்திருக்கும். நல்ல கார்ட் குப்பைக்குப் போயிருக்கும்.

மவுசாகலை_மழை | வெள்ளி, மாலை 6.55

திரும்ப வந்துவிட்டேன், வேறு பிரச்சினை. நேற்று முழுக்க நன்றாக இருந்தது. இன்று மத்தியானத்திலிருந்து மழை, நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அப்போதிருந்து இணைப்பு விட்டு விட்டு வருகிறது. மெசேஜஸ் ஃபைலில்:

இஎம்0: லிங்க் ஸ்டேட் சேஞ்ட் டு டவுன்
இஎம்0: லிங்க் ஸ்டேட் சேஞ்ட் டு அப்

இதே இரண்டு வரிகள் ஒரு மணித்தியாலத்தில் முப்பது தடவைக்கு மேல். பழைய 100க்கே மாற்றிவிடட்டுமா?

கொட்டகலை_கேபிள் | வெள்ளி, இரவு 7.20

மாற்றாதீர்கள். எனக்கு இதுதான் தொழில். தேயிலை பெக்டரிகள், பாடசாலைகள், ஹோட்டல்கள் என்று கேபிள் இழுக்கிறேன். உங்கள் மழை பதிலைச் சொல்லிவிட்டது.

கேபிளுக்குள் நாலு சோடி வயர். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு ஊசிகள் போதும், அதாவது செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும். ஆயிரத்துக்கு நாலு சோடியும் வேண்டும், நீலமும் பிரவுனும் சேர்ந்துதான். இரண்டு முனையும் பேசிக்கொள்ளும் பேச்சு அந்த முதல் நாலு ஊசிகளில்தான் நடக்கும். அதனால் பிரவுனில் கோளாறு இருந்தாலும் ஆயிரம் என்று ஒத்துக்கொள்ளும், தொடங்கியதும் விழும், திரும்ப ஒத்துக்கொள்ளும், திரும்ப விழும். காய்ந்த நாளில் தொட்டும் தொடாமலும் ஓடும், ஈரம் வந்தால் போய்விடும். மஸ்கெலியாவில் மே முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைக்குச் சுவரோரக் கேபிளின் ப்ளக் எப்படித் தாங்கும்?

இரண்டு முனையின் ப்ளக்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தலவாக்கலை_டீச்சர் | வெள்ளி, இரவு 7.41

கேபிளைச் சரிபண்ண ஞாயிறு வரை ஆகும் என்றால், நாளைக்கு வரும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சனிக்கிழமைதான் வகுப்பு நிறைந்திருக்கும். இரண்டு நாளைக்கு மட்டும் 100இல் ஓட்ட ஒழுங்கான வழி இல்லையா? எங்கள் பாடசாலை லினக்ஸில் ஈத்டூல் கட்டளையோடு அட்வர்டைஸ் 0எக்ஸ்008 என்று கொடுத்திருக்கிறோம்.

ஊவாக்காற்று | வெள்ளி, இரவு 8.02

டீச்சர் சொல்வது மிகச் சரியான முறை. அது பேச்சை நிறுத்துவதில்லை. "எனக்கு 100 ஃபுல் மட்டும்தான் தெரியும்" என்று மறுமுனைக்குச் சொல்லிப் பேசுகிறது. மறுமுனையும் ஃபுல்லுக்கே வரும். ஆனால் பிரீபிஎஸ்டியின் இஎம் டிரைவரில் மீடியா 100பேஸ்டிஎக்ஸ் என்று கொடுத்தால் பேச்சே நின்றுவிடும், பழைய கதைக்குத்தான் போவோம். உங்கள் சுவிட்சிலும் கையால் வைக்க இடமில்லை.

வாசிகசாலையில் எங்காவது பழைய 100 மெகாபிட் சுவிட்ச் கிடக்கிறதா? இருந்தால் சர்வருக்கும் நீளக் கேபிளுக்கும் இடையில் வையுங்கள். அதற்கு 100தான் தெரியும். இரண்டு பக்கமும் தானாகப் பேசி 100 ஃபுல்லுக்கு ஒத்துக்கொள்ளும், சர்வரில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடலாம்.

மவுசாகலை_மழை | சனி, காலை 11.15

பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு அண்ணன் வீட்டில் ஐந்து போர்ட் பழைய சுவிட்ச் இருந்தது. வைத்துவிட்டேன். ஐபெர்ஃப்பில் 94 மெகாபிட், சிஆர்சி எண் ஏறவே இல்லை. பதினாறு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், மழையும் விடவில்லை, ஒரு தடவைகூட நிற்கவில்லை. டீச்சருக்குப் பிள்ளைகள் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

மவுசாகலை_மழை | ஞாயிறு, மாலை 5.10

ப்ளக்கைப் பார்த்தோம். சர்வர் பக்கம் சுத்தமாக இருக்கிறது. பிள்ளை மடுவத்துப் பக்கம் கேபிள் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. தண்ணீர் அதன் வழியே வழிந்து நேராக ப்ளக்குக்குள் இறங்கியிருக்கிறது. ப்ளக்கை வெட்டி உறையை உரித்தால் பிரவுன் சோடி பச்சைக் களிம்பு ஏறி, தொட்டதும் ஒரு நரம்பு கையோடு உடைந்து வந்தது. நீலமும் கறுத்திருந்தது. செம்மஞ்சளும் பச்சையும் மட்டும் ஏதோ தப்பியிருந்தன.

ஒரு முழம் வெட்டி எறிந்த பிறகுதான் செம்பு பளபளவென்று வந்தது. வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன் என்று அடுக்கிப் புது ப்ளக் அடித்தோம். ஜன்னலுக்கு வெளியே கேபிளை ஒரு வளையமாகக் கீழே தொங்கவிட்டிருக்கிறோம், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு இப்போது ஆயிரத்தில் ஓடுகிறது. மழையும் பெய்துகொண்டுதான் இருக்கிறது.

கொட்டகலை_கேபிள் | ஞாயிறு, இரவு 7.30

அருமை. அந்த வளையத்தை எங்கள் பையன்களுக்கே பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கேபிள் போகிறது. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் பின்னேர இடி எப்படி என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் விழுந்தாலே போதும், இரண்டு கட்டடத்தின் நிலத்துக்கும் இடையே மின்னழுத்தம் வேறுபட்டு அந்தக் கேபிள் வழியாகப் பாயும். போன தடவை சுவிட்சோடு போனது. அடுத்த முறை சர்வர் போனால் வினாத்தாள் எல்லாம் போகும். காசு சேரும்போது அந்த 40 மீட்டருக்கு ஃபைபர் போடுங்கள், இரு முனையிலும் ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வர்ட்டர். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உள்ளே உலோகக் கம்பி இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அதுவரை இடி கேட்டதும் சர்வர் பக்க ப்ளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஊவாக்காற்று | ஞாயிறு, இரவு 7.58

ஃபைபர் போட்ட பிறகு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இஎம்0 ஸ்டேட்டஸ் ஆக்டிவ் என்று காட்டினால் அது பக்கத்தில் இருக்கும் கன்வர்ட்டர் வரைக்கும்தான். மறுமுனையில் சுவிட்ச் செத்துக் கிடந்தாலும் பல கன்வர்ட்டர்களில் இங்கே ஆக்டிவ் என்றே இருக்கும். அப்போது பிங்தான் சாட்சி.

ஆர்சி.கான்ஃபில் இஎம்0 வரிக்கு மேலே ஹாஷ் குறி போட்டுத் திகதியோடு நாலு வரி எழுதி வையுங்கள், என்ன இருந்தது, ஏன் எடுத்தீர்கள் என்று.

கத்தாரில்_இருந்து | திங்கள், இரவு 11.20

வணக்கம். அந்த வரியை எழுதியது நான்தான். தம்பி இந்த இழையை வட்ஸ்அப்பில் அனுப்பினார், முழுவதும் வாசித்தேன்.

போன வருடம் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு இதேபோல் இணைப்பு விட்டு விட்டு வந்தது. இரவு பதினொரு மணி, மழை, கையில் புது ப்ளக்கும் இல்லை, அடிக்கும் கருவியும் இல்லை. விடியும்போது பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அப்போது இருந்த சுவிட்ச் ஓர் அலுவலகத்தில் கழித்தது, பிரவுசர் வழியாக உள்ளே போய் ஒவ்வொரு போர்ட்டையும் அமைக்கலாம். அதிலும் 100 ஃபுல், சர்வரிலும் 100 ஃபுல் என்று இரண்டு பக்கமும் வைத்தேன். அன்றிலிருந்து நிற்காமல் ஓடியது. பரீட்சை முடிந்ததும் கேபிளைப் பார்க்கலாம் என்றிருந்தேன், அதற்குள் விசா வந்துவிட்டது. சுவிட்சிலும் வைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவும் இல்லை. அந்தச் சுவிட்ச் இடியில் போனதே இதை வாசித்துத்தான் எனக்குத் தெரியும். பிள்ளைகள் மூன்று மாதம் கஷ்டப்பட்டதற்கு வருந்துகிறேன்.

ஃபைபருக்குக் கன்வர்ட்டர் இரண்டையும் நான் வாங்கித் தருகிறேன்.

மவுசாகலை_மழை | செவ்வாய், காலை 6.05

அண்ணா, நீங்கள் வைத்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. சுவிட்சை மாற்றியது நாங்கள்தானே, எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆர்சி.கான்ஃபில் ஊவாக்காற்று அண்ணா சொன்னபடி எழுதிவிட்டேன், நீங்கள் சொன்ன சுவிட்ச் கதையையும் சேர்த்து ஆறு வரி வந்திருக்கிறது. உடைந்த பிரவுன் வயரைச் சர்வர் அலுமாரிக் கதவில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், லீவில் வரும்போது பாருங்கள். இரவு முழுக்க மழை. காலையில் மெசேஜஸைப் பார்த்தேன், இஎம்0 என்று ஒரு வரிகூடப் புதிதாக இல்லை.